குழாய்க்குள் தங்கிய வாடை

அத்தியாயம் 14

சாராள் அழவில்லை. அதுதான் அஃப்ஸானாவைக் குத்தியது.

"நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்" என்று சிராஜ் கத்தியதும், இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். துடைப்பத்தையும் வாளியையும் மாடிப்படிக்கு அடியில், எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்தாள். "சரி பாய்" என்றாள். சமையற்கட்டு வாசலில் நின்ற அஃப்ஸானாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அஃப்ஸானா தாங்கியிருப்பாள். 'நான் சொல்லல, நீ பயப்படாதே' என்றல்லவா அது சொல்லிவிட்டுப் போனது!

கும்மிடிப்பூண்டியில் சிராஜ் நடத்தும் இந்த கெஸ்ட் ஹவுஸ், வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்குப் பழகிய வீடு. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழே குடும்பம். மாடியில், உருக்காலைக்கு வந்திருக்கும் கொரியா இன்ஜினீயர்கள். அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று கொல்லைப்புறத்தில் தகரக் கூரை போட்டு, சென்னையிலிருந்து ஒரு வெந்நீர்த் தொட்டியை வரவழைத்து இறக்கினான் சிராஜ். ஆறு பேர் சுற்றி உட்காரலாம். பொத்தானைத் தட்டினால் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து சுடுதண்ணீர் பீய்ச்சி அடித்து முதுகைப் பிடித்துவிடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெரு சும்மா இருக்குமா? "குளிச்ச தண்ணியக் கொட்டவே மாட்டாங்களாமே, நாளைக்கும் அதுலயே குளிப்பாங்களாமே!" என்று மூக்கில் விரல் வைத்தது.

அந்த உருக்காலையில்தான் சிராஜின் தம்பி அஃப்தாபும் வேலை பார்த்தான். போன ரமலானுக்கு முன்னால் கிரேன் மேடையிலிருந்து விழுந்தான். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கடைசி அறையில் கிடக்கிறான். அஃப்ஸானா அவன் மனைவி. பாதுகாப்பு பெல்ட் கட்டாமல் ஏறியது அவன் தப்பு என்று ஆலை விசாரணையில் முடிவு கட்டினார்கள். ஆலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டரும் சிராஜ்தான். விழுந்த நேரத்தில் அதே மேடைக்குக் கீழே நின்றவனும் அவன்தான். விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பியின் அறைக்குள் காலெடுத்து வைக்கவும் இல்லை. மருந்து வாங்கி வாசலில் வைப்பான். ஆப்பிள் வாங்கி வாசலில் வைப்பான். அந்த நிலைப்படி அவனுக்கு மட்டும் அவ்வளவு உயரமாகிவிட்டது.

இப்போது தொட்டி நாறுகிறது.

முதலில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு புழுக்க வாடை. அப்புறம் கண்ணைக் கரிக்கும் குளோரின் நெடி. நேற்று மூத்த கொரியாக்காரர் இறங்கிய வேகத்தில் ஏறிப் போய் அறையில் ஷவரில் குளித்தார். காலையில் ஆலையிலிருந்து போன் வந்துவிட்டது. சாயந்திரம் நிர்வாக அதிகாரி ஆதிகேசவன் நேரில் வந்து பார்க்கப்போகிறார். சரியில்லை என்றால் எல்லோரையும் பொன்னேரிக்கு மாற்றிவிடுவார்களாம்.

கொரியாக்காரர்கள் கிளம்பினால் இந்த வீட்டை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அது சிராஜுக்கும் தெரியும், அவன் ரத்தக்கொதிப்புக்கும் தெரியும். யார் மேலாவது பாயத்தான் வேண்டும். வாளி யார் கையில் இருக்கிறதோ அவள்தானே அகப்படுவாள்!

சிராஜ் ஆலைக்குக் கெஞ்சப் போனான். அவன் மனைவி பிரசவத்துக்காகப் பழவேற்காட்டில் தாய் வீட்டில் இருந்தாள். வீட்டில் அஃப்ஸானாவும் அஃப்தாபும் மட்டும்.

"சாராளக்காவ அனுப்பிட்டாரு" என்றாள் அவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.

"கேட்டுச்சு" என்றான் அஃப்தாப். "நம்ம விஷயத்தச் சொன்னாங்களா?"

"சொல்லல."

அவன் கண்களை மூடிக்கொண்டான். நிம்மதியா வெட்கமா என்று அஃப்ஸானாவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தோன்றியது.

அவர்கள் விஷயம் இதுதான். பக்ரீத் கழிந்ததிலிருந்து, மதியத்தில் வீடு காலியானதும், அவளும் சாராளும் சேர்ந்து அஃப்தாபைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய், அந்தத் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். சுடுதண்ணீரில் கால் மிதந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொரியாக்காரர்களின் தொட்டியில் தம்பியை இறக்கலாமா என்று சிராஜிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, தண்ணீருக்குள், அவனுடைய இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நிஜமாகவே அசைந்தது. சாராள் "ஏசப்பா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அஃப்ஸானா தண்ணீர் என்றும் பாராமல் உள்ளே கைவிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவன்தான் சொன்னான்.

அந்தத் தொட்டிதான் இன்றைக்குப் போகப்போகிறது. அஃப்ஸானா எழுந்தாள். தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சென்னை நம்பருக்குப் போன் போட்டாள். தொட்டியைக் கொண்டுவந்து பொருத்திய துளசிராமன் எடுத்தார்.

"தண்ணிய மாத்தினீங்களாம்மா?"

"ரெண்டு தபா மாத்தியாச்சு சார். மாத்தின மறுநாளே நாறுது."

"போர் தண்ணியா? தனியா ஒரு பக்கெட்ல புடிச்சு மோந்து பாருங்க."

பிடித்தாள். முகர்ந்தாள். லேசாகத் துரு வாசம், வேறொன்றும் இல்லை. இத்தனை நாளாக வீடே அந்த போர்வெல்லைத் திட்டிக்கொண்டிருந்தது. பாவம், அது நிரபராதி.

"கரண்ட் கட்டாவுதே சார், மோட்டார் நின்னு நின்னு ஓடுது. அதனாலயா?"

"அதுவும் கொஞ்சம் இருக்கும். ஆனா அது மட்டும் இவ்ளோ நாத்தம் குடுக்காது. மூடியத் தெறந்து மோட்டார் போடாம மோந்து பாருங்க. அப்புறம் போட்டுட்டு மோந்து பாருங்க."

சும்மா கிடந்த தண்ணீரில் வாடை குறைவாகத்தான் இருந்தது. பொத்தானைத் தட்டினாள். துளைகள் இருமின. முதல் பீய்ச்சலிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. ஆறிய டீயின் ஆடையைப் போலப் பழுப்பாகத் துணுக்குகள் மிதந்து வந்தன. அஃப்ஸானா துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்டதைப் போனில் சொன்னாள்.

"அப்போ தண்ணி நாறலம்மா, குழாய் நாறுது" என்றார் துளசிராமன். "நீங்க புதுத்தண்ணி ஊத்தறீங்க. குழாய்க்குள்ள ஒட்டிக்கினு இருக்கறது அதுல வந்து கலக்குது."

"கண்ணு எரியற அளவுக்குக் குளோரின் போட்டோமே சார்?"

"அழுக்கோட மல்லுக்கட்டித் தோத்துப்போன குளோரின்தாம்மா அப்படி நெடி அடிக்கும். நல்ல தண்ணியில அவ்ளோ நெடி வராது. வேற இன்னா ஊத்தினீங்க?"

"எங்க பெரிய மச்சான் ஃபினாயில் ஊத்தினாரு. அப்புறம்... அத்தர்."

"அத்தரா?"

"ரெண்டு பாட்டிலு."

"ஃபினாயிலும் குளோரினும் சேக்கவே கூடாதும்மா, மூச்சு அடைச்சிடும். சரி, ஓரத்துல வட்டமா ஒரு மூடி இருக்கும். மோட்டார நிறுத்திட்டு, அதைத் திருகி ஃபில்டர வெளிய எடுங்க."

எடுத்தாள். பொருத்திய நாளில் வெள்ளை வெளேரென்று, கொசுவம் வைத்த துணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. இப்போது புளி நிறத்தில் இருந்தது. தொட்டால் வழுக்கியது. மடிப்புகளுக்குள் பிசின் போல ஏதோ அடைந்து கிடந்தது.

"பிசுபிசுன்னு இருக்கா?" என்றார் துளசிராமன். "யாராவது எண்ணெ தேச்சிக்கினு எறங்கறாங்களா?"

அஃப்ஸானா அதை மூக்கருகே கொண்டுபோனாள். அத்தருக்கும் குளோரினுக்கும் அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், அந்த வாசனை இருந்தது. அவள் உள்ளங்கையில் இருக்கிற வாசனை. அஃப்தாபின் தலையணையில், அவள் துப்பட்டாவில், அவள் படுக்கும் பாயில் இருக்கிற வாசனை. புத்தூர் எலும்பு வைத்தியர் கொடுத்த எண்ணெய்.

தினமும் அவனுடைய இடுப்பிலும் கால்களிலும் அதைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறக்குவாள். எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தானே குளிக்க வேண்டும்? அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து அவள் பார்த்த குளியலில் எண்ணெயும் அழுக்கும் வாசல் தாண்டிச் சாக்கடைக்குப் போய்விடும். இந்தத் தொட்டியில் எதற்கும் போக்கிடம் கிடையாது. போட்டதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து குழாய்க்குள் குடியேறும். அது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் செய்தது அவள்.

"எண்ணெயாம்மா?" என்று மறுபடி கேட்டார் துளசிராமன்.

"தெரியல சார்" என்றாள்.

சொன்ன வாய் கசந்தது. துளசிராமன் அதற்கு மேல் துருவவில்லை. பிசுக்கு எடுக்கிற பவுடர் டப்பா ஒன்றைத் தொட்டியோடு கொடுத்திருந்ததாகச் சொல்லி, எப்படிக் கழுவ வேண்டும் என்று விவரமாக விளக்கிவிட்டு போனை வைத்தார். டப்பா மாடிப்படிக்கு அடியில், சாராளின் வாளிக்குப் பின்னால், பிரிக்காமலே கிடந்தது.

அஃப்தாப் கட்டிலிலிருந்து கையூன்றிச் சக்கர நாற்காலிக்கு நகர்ந்து, தானே உருட்டிக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்திருந்தான். ஃபில்டரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கழுவி மாட்டிடு" என்றான் மெல்ல. "அண்ணன் வர்றதுக்குள்ள கழுவிட்டா யாருக்குத் தெரியப்போவுது? இனிமே எண்ணெய சோப்புப் போட்டு எடுத்துட்டு எறங்கறேன்."

"சாராளக்கா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவங்க தெனம் ஓரத்துல படிஞ்ச எண்ணெய நமக்காகத் தொடைச்சிக்கினு இருந்தாங்க. நாறுதுன்னு திட்டினப்ப வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க வேல போயிருக்காது."

"சொன்னா தண்ணி போயிடும் அஃப்ஸானா." அவன் குரல் உடைந்தது. "விரல் அசைஞ்சது ஒரு தபாதான். அதுக்குள்ள..."

அந்த ஒற்றை விரலுக்காக அவள் எதை வேண்டுமானாலும் செய்வாள். பொய் சொல்வாள், இப்போதுதான் சொன்னாள். ஆனால் இன்னொருத்தியின் சோற்றில் கைவைத்துவிட்டு மதியம் அதே தொட்டியில் கணவனை இறக்க முடியுமா? தனியாகத் தூக்கவும் முடியாது. மறு தோள் கொடுத்தவளே சாராள்தான்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அஃப்ஸானா ஃபில்டரை ஒளிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சிராஜ் முகம் செத்து உள்ளே வந்தான். கெஞ்சியது பலிக்கவில்லை என்று தெரிந்தது. அவளையும் கொல்லை வாசலில் நாற்காலியில் இருந்த தம்பியையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தம்பியை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்து எத்தனை மாதமாகிறது!

"பெரிய மச்சான்" என்றாள் அஃப்ஸானா. "சாராளக்கா மேல தப்பில்ல. தொட்டிய நாறடிச்சது நான்தான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மதியக் குளியலை, எண்ணெயை, குழாயை, சாராளின் மௌனத்தை. எதையும் மிச்சம் வைக்கவில்லை. சிராஜின் முகம் முதலில் கறுத்தது.

"வெளிநாட்டுக்காரன் குளிக்கிற தண்ணி! எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேக்கறதுக்கு நீங்க எங்க ரூமுக்குள்ள வந்தாத்தானே பெரிய மச்சான்?"

அஃப்ஸானா அவனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. குரலை உயர்த்தவும் இல்லை. சிராஜ் அடிபட்டவன் போலத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"போன வெள்ளிக்கெழம இவரு கால் கட்டவெரலு அசைஞ்சுது" என்றாள். "இதுலதான். சாராளக்காவும் பாத்தாங்க."

சிராஜ் நாறும் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விறுவிறுவென்று வெளியே போனான். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அஃப்ஸானா நினைத்தாள். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனசில்லை. பவுடர் டப்பாவைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டி மோட்டாரைப் போட்டாள். பழுப்பு நுரை பொங்கிப் பொங்கி மேலே வந்தது. அவள் கை பட்ட எண்ணெயெல்லாம் திரும்பி வந்து அவள் முன்னால் மிதந்தது.

முதல் தண்ணீரைத் திறந்துவிடும்போது ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு ஆட்டோ. அதிலிருந்து சாராள் இறங்கி வந்தாள்.

"பாய் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாரு" என்றாள் முந்தானையைச் செருகிக்கொண்டே. "மன்னிப்பெல்லாம் கேக்கல. 'வா, கொழாய் கழுவணும்'னாரு. அவருக்கு அவ்ளோதான் வரும்."

அஃப்ஸானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடு, உடு" என்று சாராள் கையை உருவிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

தண்ணீரை நிரப்பி, ஓடவிட்டு, திறந்து, மறுபடி நிரப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் பழுப்பு கொஞ்சம் வெளுத்தது. சாராள் ஃபில்டரின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினாள். தொட்டியின் கனத்த மூடிகூட வாடையைக் குடித்திருந்தது. சிராஜ் அதைத் தூக்கி வெயிலில் சாய்த்தான். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு அவன் வேலை செய்வதை அஃப்தாப் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசித் தண்ணீர் துணுக்கு இல்லாமல் வந்தது. அளவாகக் குளோரின் போட்டார்கள். சூடேற்றலாம் என்று பொத்தானைத் தட்டியபோது மின்சாரம் போனது.

"பேஜாரு!" என்றான் சிராஜ். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் இயல்பான வார்த்தை அதுதான்.

விட்டுவிடவில்லை. நோன்புக் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் வைக்கிற பெரிய தேக்சா அண்டாக்களை வெளியே இழுத்து, விறகு வைத்து வெந்நீர் காய்ச்சினார்கள். சிராஜ் அதைப் பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினான். வெயில் தாழ்ந்து மின்சாரம் வந்தபோது தொட்டியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அஃப்ஸானா மோட்டாரைப் போட்டுக் குனிந்து முகர்ந்தாள். சாராளும் முகர்ந்தாள். சுத்தமான சுடுதண்ணீரின் வாசம் மட்டுமே வந்தது.

"ஆளு எறங்கினாத்தான் தெரியும்" என்றான் சிராஜ்.

தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைசி அறைக்குள் போனான். நிலைப்படியில் அரை நொடி நின்றான், பிறகு தாண்டிவிட்டான். உள்ளே குழாய்த் தண்ணீரும் சோப்புமாகச் சத்தம் கேட்டது. காலையில் தேய்த்த எண்ணெயை அவனே கழுவிவிட்டிருக்கிறான். திரும்பி வரும்போது அஃப்தாபை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். கைலியோடு தானும் தொட்டிக்குள் இறங்கி, தம்பியை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அஃப்தாபின் கால்கள் மெல்ல மேலெழுந்து மிதந்தன. எலும்பும் தோலுமாகிவிட்ட அந்தக் கால்களையே சிராஜ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் அஃப்தாப், முகத்தைத் திருப்பாமல். "அன்னிக்கு நான் பெல்ட்டு போட்டுக்கினுதான் ஏறினேன். அது அறுந்தத நீ கீழேர்ந்து பாத்தே."

சிராஜ் கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினான். கொல்லை முழுக்க நிசப்தமானது.

"பாத்தேன்" என்றான்.

அஃப்ஸானாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு மாதமாக அவள் கணவன் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நிர்வாக அதிகாரி ஆதிகேசவன் கைக்குட்டையை மூக்கில் தயாராக வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். விசாரணையை நடத்தி முடிவு சொன்னவரும் அவர்தான். கைக்குட்டையை மெல்ல எடுத்தார். ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே சிராஜ், வாடையே இல்ல! பிழைச்சே போ. கெஸ்ட் எல்லாம் இங்கயே இருக்கலாம்..." என்றவர், ஆவிக்கு நடுவில் இரண்டு பேர் இருப்பதை அப்போதுதான் கவனித்தார். "இவர் எதுக்கு இதுல?"

தலையாட்டிவிட்டு எழுந்தால் போதும். வீடும் தங்கும், காண்ட்ராக்டும் தங்கும், கொரியாக்காரர்களும் தங்குவார்கள். அஃப்ஸானா சிராஜின் முகத்தையே பார்த்தாள்.

சிராஜ் எழவில்லை. தம்பியைச் சுற்றியிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"என் தம்பி சார்" என்றான். "கொஞ்சம் உக்காருங்க. அந்த பெல்ட்டப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சாராள் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதிகாரிக்குப் பின்னால் போட்டாள். ஆதிகேசவன் உட்காரவில்லை.